ஜவான் கையில் யார் செய்த துப்பாக்கி?

குடியரசு தினத்தன்று சென்னைக் கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு நடக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். தோளில் துப்பாக்கியுடன் ஜவான்கள் நடந்து போகும்போது குழந்தைகள் கை தட்டுகிறார்கள்.

அந்தத் துப்பாக்கியைச் செய்தது யார்? நம்மவரா, அன்னியரா? நாட்டின் மானத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது.

1962 தந்த பாடம்

1962 அக்டோபரில் சீனப் படைகள் இமயமலை எல்லையில் தாக்கின. நம் ஜவான்களின் வீரத்தில் குறை இல்லை. ஆனால், குளிருக்கு ஏற்ற உடுப்பு போதவில்லை. கையில் இருந்ததோ வெள்ளைக்காரர் காலத்து ‘303’ துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், உடனே மறுமுறை சுட முடியாது. கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து மூடுவதுபோல, ஒரு தாழைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். எதிரி அதுவரை காத்திருப்பானா?

சீனர்களிடம் இருந்தவற்றில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளும் உண்டு. அவற்றில் தாழை இழுக்கும் வேலை இல்லை. விசையை அழுத்தினால் ஒரு குண்டு. விட்டு அழுத்தினால் அடுத்த குண்டு.

கஞ்சிப் பானையின் தந்திரம்

இது எப்படி நடக்கிறது? கஞ்சி கொதிக்கும்போது ஆவி மூடியைத் தூக்குகிறது அல்லவா? அதே தத்துவம்தான். மருந்து வெடித்ததும் குழலில் வாயு உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு பக்கத்துத் துளை வழியாகப் பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு தாழைத் திறக்கிறது. வெற்றுத் தோட்டா வெளியே விழுகிறது. பின்னால் உள்ள சுருள்வில் தாழைத் திரும்பத் தள்ளி, புதுத் தோட்டாவை ஏற்றுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்!

பெல்ஜியம் நாட்டு நிபுணர் சைவ் உருவாக்கிய இவ்வகைத் துப்பாக்கி ஒன்றை 90க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. அதையே மூலமாகக் கொண்டு, புனே அருகே உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையத்தார் நமக்கு ஒரு துப்பாக்கியை வரைந்தார்கள். வங்காளத்தில் இஷாபூர் தொழிற்சாலை அதைச் செய்தது. ‘303’ பத்துத் தோட்டா கொள்ளும். இது 20 கொள்ளும். 1971 யுத்தத்தில் நம் ஜவான்கள் இதை ஏந்திப் போரிட்டார்கள். தமிழ்நாட்டிலும் 1966ல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது.

அவசரத்தில் பிறர் பொருளைப் பார்த்துச் செய்தது தவறல்ல. வீட்டில் தீப் பிடித்தால், அண்டை வீட்டுக் குடத்தை எடுத்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னுமா இரவல்?

ஆனால், தீ அணைந்த பிறகு சொந்தக் குடம் வாங்க வேண்டாமா? பிறகு நாமே ‘இன்சாஸ்’ துப்பாக்கியை உருவாக்கினோம். 1999ல் கார்கில் பனியில் அதன் தோட்டாப் பெட்டிகள் விரிசல் விட்டன என்று புகார் எழுந்தது. 2019ல் அமெரிக்காவிலிருந்து 72,400 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தோம். உத்தரப் பிரதேசத்து அமேதியில் செய்வதும் ரஷ்ய நாட்டு மாதிரியைத்தான்.

அறிவுக்கு இங்கே பஞ்சமா? 1794ல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி நம் ஊரில் இருக்கிறது. அடையாற்றுக்கு அருகே ஐ.ஐ.டி. இருக்கிறது. பறங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். வரைகிறவரும் சுடுகிறவரும் ஒரே ஊரில் இருந்தும் கூடிப் பேசாவிட்டால் என்ன பயன்?

பனியிலும் பாலைவனத்திலும் மழையிலும் சோதித்த பிறகே ஜவான் கையில் துப்பாக்கியைத் தர வேண்டும். அவன் சொல்லும் குறை, பல மேஜைகளைத் தாண்டாமல், வரைந்தவர் காதுக்கு நேரே போக வேண்டும். ஒரு முறை தவறினால் திட்டத்தையே கைவிடாமல், திருத்திச் செய்யப் பணமும் காலமும் தர வேண்டும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். பழமொழி நல்லதுதான். அதற்காக ஜவானைப் புல்லுடன் எல்லைக்கு அனுப்ப முடியுமா? நாம் நிம்மதியாகத் தூங்கும் இரவில் அவன் பனியில் விழித்து நிற்கிறான். அவனுக்கு நம்பகமான கருவியைச் செய்து கொடுப்பது நம் கடமை.