கள் போச்சு... ஐலசா போகலை!

2021 ஜனவரியில் உலகமெங்கும் செல்போன்களில் ஒரு பழைய கப்பல் பாட்டு ஓடியது. ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் பாடிய ‘வெல்லர்மேன்’. திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள், ரம்மும் சர்க்கரையும் கொண்டுவரும் சரக்குக் கப்பலுக்காகக் காத்திருக்கும் பாட்டு அது. அடுத்த மார்ச்சில் பிரிட்டனில் முதலிடமே பிடித்துவிட்டது!

மாலுமிப் பாட்டு என்றாலே குடிப் பாட்டு என்று பலர் நினைப்பார்கள். ஆனால், பல பாட்டுகள் வேலைக்காகப் பிறந்தவை. நங்கூரம் தூக்கவும் பாய் ஏற்றவும் பத்துப் பேர் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே இழுப்பார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் தினமும் ரம் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31-ம் தேதியோடு நின்றது. கப்பல் பாட்டு இன்னும் நிற்கவில்லை.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்கு இதெல்லாம் பழகிய கதை. பௌர்ணமியன்று பரதவர் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்டு, தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து ஆடியதைச் சங்க நூலான பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கள்ளுக்கும் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆனால், அதே கடற்கரையின் ‘ஏலேலோ ஐலசா’ இன்றைக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும்; மீன் தப்பும். எல்லாக் கைகளையும் ஒன்றாக்குவது பாட்டுதான். கடற்கரையில் இதை ‘அம்பாப் பாட்டு’ என்பார்கள். வாத்தியம் வேண்டாம், குரல்வளம் வேண்டாம். ‘ஐலசா’ போடத் தெரிந்தால் போதும், யாரும் சேர்ந்துகொள்ளலாம். களைப்பும் பயமும் பத்துப் பேருக்குப் பங்காகிவிடும். அலுக்காமல் இருப்பதன் ரகசியமும் அதுதான்.

கள்ளை நிறுத்தியதால் பாட்டு சாகவில்லை. டீசல் இன்ஜின் வந்தபோதுதான் அதற்கு வேலை போனது. இன்ஜின் சத்தத்தில் யார் பாட, யார் கேட்க? தஞ்சாவூர் வயல்களிலும் இதே கதைதான். முன்பாட்டும் பின்பாட்டுமாகக் கேட்ட நடவுப் பாட்டு, நடவு மெஷின் இறங்கிய வயலில் கேட்பதில்லை. மெஷின் வந்ததில் இடுப்பு வலி குறைந்தது நல்லதுதான். பாட்டும் கூடவே போக வேண்டுமா என்ன?

கடலுக்குப் போன தாத்தாவோ, நாற்று நட்ட அப்பத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, “பாடுங்க”ன்னு மட்டும் சொல்லாதீர்கள், வெட்கப்படுவார்கள். பின்பாட்டை நீங்கள் பாடுங்கள். ‘ஐலசா’ சொல்ல ஆள் இருந்தால்தான் ‘ஏலேலோ’வுக்கு வாய் வரும்!