விமானக் கம்பெனிகளுக்கு மட்டும் தனி நியாயமா?



நம் கடையில் விற்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். எடை எவ்வளவு, எந்த மாதம் தயாரானது, அதிகபட்ச சில்லறை விலை என்ன என்று அதில் அச்சிட்டிருக்கும். "எல்லா வரிகளும் உட்பட" என்றும் இருக்கும். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டி வாங்கினாலும் தொழிலாளர் துறை ஆய்வாளர் நம் மீது வழக்குப் போடலாம். 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. கல்லாவுக்கு வருமுன்பே முழு விலையும் தெரிந்திருப்பது வாங்குகிறவரின் உரிமை. அந்த உரிமை உப்புக்கும் புளிக்கும் மட்டும்தானா, விமான டிக்கெட்டுக்குக் கிடையாதா என்பதே இன்று நம் கேள்வி.

"நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் சம்பந்தம் இல்லைதான். ஜரிகை வாங்க சூரத் போகிறவர்கள் இரவும் பகலும் ரயிலில் உட்கார்ந்து போய் வந்தார்கள். 1994-ல் பழைய விமானக் கழகச் சட்டம் ரத்தாகி, தனியார் கம்பெனிகளுக்குக் கதவு முழுதாகத் திறந்தது. 2003-ல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணத்தோடு வந்தது. இன்று சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை துபாயில் இருக்கிறான்; மளிகைக் கடைக்காரர் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். நம் மாவட்டத்துப் பரந்தூரிலேயே சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022-ல் அறிவித்தார்கள். நிலம் போகும் ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலேயே எதிர்த்துப் போராடத் தொடங்கினார்கள். அது தனியே பேச வேண்டிய பெரிய விஷயம். இனி விமானப் பயணம் பணக்காரர் சமாசாரம் மட்டும் அல்ல என்பதற்காகவே இங்கே சொன்னோம்.

நம் சொந்த அனுபவம் ஒன்று. ஜரிகைக் கொள்முதலுக்காக மூன்று பேர் சூரத் போக ஏற்பாடு செய்தோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. திரையில் முதலில் காட்டிய கட்டணம் ஆளுக்கு 4,300 ரூபாய். சரி என்று உள்ளே போனோம். இருக்கை தேர்ந்தெடுக்க 350. அடுத்த பக்கத்தில், நாம் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்த காப்பீடு 250. பணம் கட்டும் இடத்தில் "வசதிக் கட்டணம்" 400. யாருக்கு வசதி என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. ஆக 5,300 கட்டிவிட்டோம். இருக்கைக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தால், ஏதோ ஒரு இருக்கையை அவர்களே சும்மா ஒதுக்கியிருப்பார்கள் என்பது விமான நிலையம் போன பிறகுதான் தெரிந்தது.

புறப்படும் முதல் நாள் எங்களில் ஒருவர் வீட்டில் ஒரு துக்கம். அவர் வரவில்லை. "ஒரு பைசா திரும்பாது" என்றார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர். திரும்பி வரும்போது ஜரிகைக் கட்டும் மாதிரிகளும் சேர்ந்து பெட்டி 3 கிலோ கூடிவிட்டது. கிலோவுக்கு 600 வீதம் 1,800 ரூபாய் கட்டினோம். ஏலக்காய், கிராம்பு போலச் சிலவற்றைத் தவிர, நம் கடையில் கிலோ 600 ரூபாய்க்கு விற்கும் சாமான் எத்தனை இருக்கிறது? சரக்கை வாங்கிய பிறகு விட்டுவிட்டு வரவா முடியும்? அது தெரிந்துதான் அந்த விலை.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்டி இல்லாமல் கைவீசிக்கொண்டு போகிறவர், மூட்டை கொண்டுவருகிறவரின் செலவை ஏன் சுமக்க வேண்டும் என்று விமானக் கம்பெனிகள் கேட்கின்றன. அதில் நியாயம் உண்டு. கூடுதல் எடையின்றிப் போகிறவருக்குக் குறைந்த கட்டணம் என்ற ஏற்பாட்டை 2021-ல் அரசும் அனுமதித்தது. நாமும் சில்லறை விலை ஒன்று, மொத்த விலை ஒன்று வைத்து விற்கிறவர்கள்தான். அவரவர் சரக்குக்கு விலை வைக்கும் உரிமையை வணிகர்களாகிய நாம் எதிர்க்க முடியாது. நாம் எதிர்ப்பது விலையை அல்ல, விலையை மறைப்பதை.

இந்த இடத்தில் நமக்கு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019-ல் சண்டிகரில் ஒரு செருப்புக் கடை, காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். கடைக்கு மொத்தம் 9,000 ரூபாய் செலவு வைத்து நுகர்வோர் மன்றம் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையமும் ஒரு பெரிய அங்காடியின் பைக் கட்டணத்தைத் தவறு என்றது. பைக்குப் பணம் உண்டு என்பதைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சொல்ல வேண்டும், கல்லாவில் வந்து நிற்கும்போது சொல்லக் கூடாது என்பதே அதன் சாரம். மூன்று ரூபாய்ப் பைக்கு இந்த நீதி என்றால், ஆயிரம் ரூபாய் கூடிய டிக்கெட்டுக்கு எந்த நீதி?

சட்டம் இல்லாமல் இல்லை. கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பதையும், விலையைத் துண்டு துண்டாகக் காட்டிக் கடைசியில் கூட்டுவதையும் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. இருக்கை, சாப்பாடு போன்ற தனிக் கட்டணச் சேவைகளைப் பயணி தானே கேட்டால் மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விமானத் துறை இயக்குநரகத்தின் உத்தரவு. கவுண்டரில் போர்டிங் பாஸ் தரப் பணம் வாங்கக் கூடாது என்று 2022-ல் அமைச்சகம் சொன்னது. நம் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட ஆள் வருகிறார்கள். விமானக் கம்பெனியின் திரைக்கு முத்திரை போட யார் போகிறார்கள்? அதுதான் வேறுபாடு.

சில இடங்களில் உத்தரவுக்கே பலம் போதவில்லை. 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்தான் வாங்கலாம் என்று 2016-ல் இயக்குநரகம் வரம்பு வைத்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் டில்லி உயர்நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்தது. நாம் கட்டிய 1,800 ரூபாய்க்கு அதுவே காரணம்.

2019-ல் நம் வரதர் கோயிலில் அத்தி வரதர் வைபவம் 48 நாள் நடந்தபோது, சின்ன காஞ்சிபுரத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு அவ்வளவு தேவை இருந்தது. ஆனாலும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க நமக்குச் சட்டம் இடம் தரவில்லை, தரவும் கூடாது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிக்குத் தயாராகாத இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. மற்ற விமானங்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியது. டிசம்பர் 6-ம் தேதி அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. வெள்ளம் வந்த பிறகு கட்டிய அணை அது. அதற்குள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போக வேண்டியவர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அரசு செய்ய வேண்டியதைப் பிறகு பார்ப்போம். முதலில் நம் கையில் இருப்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஒன்று: "பணம் திரும்பாது" என்ற டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயணம் போகாமல் விட்டாலும், அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பி வர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. முகவர் வழியாக வாங்கினாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனிக்கே. நம் நண்பர் விடவில்லை, எழுதிக் கேட்டார். 700 ரூபாய் சொச்சம் திரும்பி வந்தது. "ஒரு பைசா திரும்பாது" என்றவர் பேசாமல் இருந்துவிட்டார்.

இரண்டு: நம் ஊரில் தலையெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. டிக்கெட் படிவத்தில் பெயரை மாற்றி எழுதிவிடுகிறோம். கம்பெனியிடம் நேரே எடுத்த டிக்கெட்டில் உள்ள எழுத்துப் பிழையை 24 மணி நேரத்திற்குள் சொன்னால் திருத்தத்திற்குத் தனிக் கட்டணம் கிடையாது. டிக்கெட் வந்த அன்றே ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று: இடம் உறுதியான டிக்கெட்டோடு நேரத்தில் போயும் "இடம் இல்லை" என்று இறக்கிவிட்டால், ஒரு மணி நேரத்திற்குள் வேறு விமானம் தராதபோது இழப்பீடு உண்டு. சூழ்நிலையைப் பொறுத்து அது 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை போகும். நீண்ட தாமதத்தில் சாப்பாடு கேட்கலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். புயல், மழை போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

நான்கு: வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஐந்து: ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் வியாபாரப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே எண்ணைக் குறிப்பிட்டால் உள்ளீட்டு வரியை வரவு வைக்கலாம். கணக்கரைக் கேளுங்கள்.

புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அரசின் ஏர்சேவா தளம், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கடைசியாக நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வியாபாரப் பயணம் என்றால் "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் வக்கீலைக் கலந்துகொண்டு இறங்குங்கள்.

அரசிடம் நாம் கேட்பது மூன்றே மூன்று. முதல் திரையில் காட்டும் விலையே, தவிர்க்க முடியாத எல்லாக் கட்டணமும் சேர்ந்த கடைசி விலையாக இருக்க வேண்டும். கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை, உப்புப் பாக்கெட்டில் விலை போலக் கண்ணில் படும்படி டிக்கெட்டின் முகப்பில் அச்சிட வேண்டும். பெட்டி நிறுக்கும் விமான நிலையத் தராசில், நம் கடைத் தராசில் இருப்பது போல முத்திரைச் சான்று பயணி பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டுமானால் நம் கல்லாவும் சுத்தமாக இருக்க வேண்டும். பையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு விலை சொல்வது, டோர் டெலிவரிக்குச் சொல்லாமல் பத்து ரூபாய் சேர்ப்பது, சில்லறை இல்லை என்று மிட்டாய் தள்ளுவது இவையெல்லாம் அதே வியாதியின் சிறு வடிவம்தான். பெரியவன் செய்கிறானே என்று நாம் கற்றுக்கொள்ள வேண்டாம். நம்மிடம் வாங்குகிறவர் நாளையும் நம் தெருவில்தான் நடப்பார். நம் முகத்தைப் பார்ப்பார். அந்த வெட்கம்தான் நம் வியாபாரத்தின் முதல் காவல். முகமே இல்லாத திரைக்கு அந்த வெட்கம் வராது. ஆகவே அங்கே சட்டம்தான் காவல் நிற்க வேண்டும்.