எண்ணை அடுத்து வரும் ஓர் எழுத்து

பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு பணிக்குறிப்பில் 'வளைவு: 22ம் சீரமைக்க' என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சீரமைக்க வேண்டியவை இருபத்திரண்டுமா, இருபத்திரண்டாவது மட்டுமா? குறிப்பு விடை சொல்லாது.

வரிசையைச் சுட்டும் ஈறு 'ஆம்'. அது 'ஆகும்' என்பதன் சுருங்கிய வடிவம். முழுமையைச் சுட்டுவது 'உம்'. பேச்சில் இவை குழம்புவதில்லை. எண்ணுக்குப் பின் வெறும் 'ம்' இடும்போதுதான் இரண்டும் ஒரே உருவம் பெறுகின்றன.

பிரெஞ்சு மொழியும் சுருக்குகிறதே என்பர். உண்மை. அங்கே நூற்றாண்டை உரோமன் எண்ணால் எழுதி, வரிசை ஈற்றின் கடைசி எழுத்தை மட்டும் வலத்தோளில் சிறிதாக இடுவர். ஈற்றை மேலும் நீட்டி எழுதுவோர் உண்டெனினும் அச்சு நெறி ஓரெழுத்தையே ஏற்கிறது. ஆனால் எண்ணின் தோளில் அமரும் அவ்வெழுத்துக்கு அங்கே வேறு பொருள் இல்லை. தமிழில் 'ம்' அத்தகையதன்று. சுருக்கம் குற்றமன்று, பொருளை இழக்கும் சுருக்கமே குற்றம்.

இரு மொழிகளுக்கும் ஒற்றுமையும் உண்டு. பிரெஞ்சில் 'முதலாம்' என்பதற்குத் தனிச்சொல் உண்டு. இருபத்தொன்றுக்கு வரும்போது அச்சொல் மறைந்து பொது ஈறே வருகிறது. தமிழும் 'முதலாம் இராசராசன்' என்கிறது. ஆனால் 'இருபத்தொன்றாம் நூற்றாண்டு' என்றே சொல்கிறது.

பொன்முடியைச் சூழ்ந்த மலையாளத்திலும் ஈறு அதே 'ஆம்'தான். அங்கே எண்ணுக்குப் பின் சிறுகோடிட்டு, 'ஆ'வின் துணைக்குறியையும் 'ம்'மையும் சேர்க்கும் வழக்கம் பரவலானது. மெய்யெழுத்தைச் சாராத துணைக்குறியைக் கணினி சில வேளைகளில் புள்ளி வட்டத்தோடு காட்டிவிடுகிறது. காட்சி பிழைபட்டாலும் 'ஆ' பிழைத்திருப்பதால் பொருள் சிதைவதில்லை. தமிழ் வழக்கோ காட்சியைக் காத்துப் பொருளை விடுகிறது.

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டு எண்குறியால் பொறிக்கப்பட்டு, அதன்பின் 'ஆவது' என்னும் சொல் வருகிறது. கல்லில் உளி கொண்டு செதுக்கியோர் மிச்சப்படுத்தாத 'ஆ'வை விசைப்பலகையில் தட்டுவோர் மிச்சப்படுத்துவது வியப்பே.

'5வது' என்பதிலும் 'ஆ' கெடுகிறது. ஆயினும் அங்கே பொருள் மயக்கம் இல்லை என்பதால் அதைப் பொறுக்கலாம். '5ம்' என்பதைப் பொறுக்க இயலாது. '19ஆம்' என்றோ '19-ஆம்' என்றோ எழுதலாம். ஓர் ஆய்வேட்டில் ஒரே முறை இருந்தால் போதும். காலத்தையும் அதிகாரத்தையும் வினா எண்ணையும் துல்லியமாகச் சுட்டுவது ஆய்வெழுத்தின் முதற்கடமை. அதற்கு ஆகும் செலவு ஓர் எழுத்து.