பழைய பீமில் கார்பன் பட்டி ஒட்டினால் போதுமா? ஓசூர் பட்டறைகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

1980 வாக்கில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகள் ஓசூருக்கு வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் பெருகின. அந்தக் காலத்து கான்கிரீட் கட்டடங்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. சின்ன லேத் ஓடிய மாடியில் இன்று பல டன் எடையுள்ள சி.என்.சி. மெஷின் ஏறினால், பீம் தாங்குமா?

இடித்துக் கட்டினால் மாதக்கணக்கில் வேலை நிற்கும். அதனால்தான் 'கார்பன் ஃபைபர் ஒட்டிடலாமே' என்ற யோசனை வருகிறது. ஒட்டலாம். ஆனால், சோதிக்காமல் ஒட்டக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது?

கார்பன் இழைகளை ரெசினில் தோய்த்துச் செய்த மெல்லிய பட்டி இது. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். எடை இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான். இழுவிசையைத் தாங்குவதில் சாதாரண கட்டுமானக் கம்பியைவிடப் பல மடங்கு வலிமையானது. பாரம் ஏறும்போது பீமின் அடிப்பக்கம்தான் இழுபடும். அங்கே எபாக்ஸி பசையால் இதை ஒட்டுவார்கள்.

சுவிட்சர்லாந்தின் இபாக் பாலத்தில் சிக்னல் பொருத்தத் துளை போட்டபோது, உள்ளே இருந்த கம்பி அறுந்துபோனது. 1991-ல் அந்தப் பாலத்தைச் சரிசெய்ய 6.2 கிலோ கார்பன் பட்டியே போதுமானதாக இருந்தது. இரும்பு என்றால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும்.

சிக்கல் எங்கே?

பட்டி எவ்வளவு வலுவாக இருந்தாலும், அது பிடித்து நிற்பது பழைய கான்கிரீட்டைத்தான். 1978-ன் ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 கலவையே போதும். அதாவது 15 மெகாபாஸ்கல் வலிமை. 2000-ல்தான் அது எம்-20 ஆனது. அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் வழிகாட்டுதலோ, 17 மெகாபாஸ்கலுக்குக் குறைவான கான்கிரீட்டில் இந்த முறை வேண்டாம் என்கிறது. நல்ல கலவை வயதாக ஆக வலுவடைந்திருக்கும். மோசமான கலவை அப்படியே இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்!

இன்னொன்று, துரு. உள்ளே கம்பி துருப்பிடித்தால், அது பருத்து கான்கிரீட்டைப் பட்டியோடு சேர்த்தே உரித்துத் தள்ளும். தீயும் ஆபத்துதான். பல எபாக்ஸி பசைகள் 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். பீமுக்குள் இருக்கும் கம்பி உடையும் முன் நீளும், விரிசல் காட்டி எச்சரிக்கும். பட்டி திடீரென்று கழன்றுவிடும்.

அதனால்தான் அதே வழிகாட்டுதல் இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது: பட்டி போய்விட்டாலும் பழைய பீம் இடியாமல் நிற்க வேண்டும்.

என்ன செய்யணும்?

கொட்டேஷன் வாங்கும் முன் கோர் எடுத்து வலிமையைச் சோதிக்க வேண்டும். துருவையும் அளக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தொழிலாளர்களும் பார்க்க வேண்டும். கட்டடம் முதலாளியுடையதாக இருக்கலாம். ஆனால், அந்த பீமுக்குக் கீழே எட்டு மணி நேரம் நிற்பது அவர்கள்தான்.