சுவரை அளக்கிறோம், புத்தகத்தை அளப்பதில்லை

நம்மவர் வீடுகளுக்குப் போனால் என் கண்கள் முதலில் தேடுவது புத்தகங்களைத்தான். முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் தந்த கெட்ட பழக்கம் என்பார் என் மனைவி. புதிதாகக் கட்டிய வீடாக இருக்கும். தரை முழுவதும் மாபிள் பதித்திருப்பார்கள். வாசலில் பாதணிகளுக்கென்று ஒரு றாக்கை இருக்கும். கூடத்தில் பீங்கான் பொம்மைகளுக்கும் பிள்ளைகள் வென்ற கிண்ணங்களுக்கும் கண்ணாடி போட்ட காட்சி அலுமாரி ஒன்று நிற்கும். சுவாமி அறை தனியாக இருக்கும். "புத்தகங்கள் எங்கே?" என்று கேட்டால் வீட்டுக்காரர் சற்றுத் தயங்குவார். பிறகு கட்டிலின் கீழ் இருக்கும் காட்போட் பெட்டிகளைச் சுட்டிக்காட்டுவார். இந்தக் காட்சியை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமல்ல, லண்டனிலும் ரொறன்ரோவிலும் கண்டிருக்கிறேன்.

1981 ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. வருடந்தோறும் ஜூன் முதலாந் திகதி வந்தால் அதைப் பற்றி எழுதுகிறோம், பேசுகிறோம், கண்கலங்குகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் நூலகத்தை எரித்தவர்களைச் சபிக்கும் அதே வாயால், அப்பாவின் புத்தகங்களை நிறுத்துப் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்கும்படி சொல்கிறோமே, அதற்கு என்ன பெயர் வைப்பது? தீ வைத்தவன் எதிரி. ஈரத்துக்கும் கறையானுக்கும் கொடுத்தவர் யார்?

மற்றவர்களைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்களோடு நானும் வெளியேறினேன். சைக்கிளில் ஏற்றக்கூடியதாக இருந்தவை ஏழு புத்தகங்கள் மாத்திரமே. பல்கலைக்கழகக் காலத்தில் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கிய மற்றவை எல்லாம் போயின. அந்த இழப்புக்கு யுத்தத்தைக் காரணமாகச் சொல்லலாம். அடுத்து நேர்ந்த இழப்புக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

கொழும்புக்கு வந்து மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பழைய புத்தகக் கடைகளில் தேடியெடுத்த வீரகேசரிப் பிரசுர நாவல்கள், மல்லிகையின் பழைய இதழ்கள், அச்சகத்திலிருந்து நேரே கைக்கு வந்த கவிதைத் தொகுதிகள். தளபாடக் கடையொன்றில் பளபளப்பான அலுமாரி ஒன்றை வாங்கினேன். மூன்றடி அகலம், கால்களை விட்டு ஆறடி உயரம், ஐந்து தட்டுகள், எல்லாம் ஒரே இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடத்தில் நிரம்பியது. மிஞ்சிய நூற்றுக்குச் சற்றுக் கூடிய புத்தகங்கள் இரண்டு பெட்டிகளில் கட்டிலின் கீழ் போயின. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம் வந்தது. அலுமாரியின் அடித்தட்டு நனைந்தது. மேல் நான்கு தட்டுகளும் தப்பின. கட்டிலின் கீழிருந்த பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இருந்தவை புத்தகங்கள் அல்ல, கூழ்.

அதன்பின் யாழ்ப்பாணம் வந்து ஒரு ஓடாவியாரைக் கண்டேன். எழுபது வயதைக் கடந்தவர். புதிய அலுமாரிக்கு அளவுகள் குறித்த கடதாசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவரை அளந்து கொண்டு வந்திருக்கிறீர். புத்தகத்தை அளந்தனீரோ?" என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் அவர். கலைமாணிப் பட்டம் பெற்ற என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

வீடு திரும்பி அளந்தேன். தமிழ்ப் புத்தகங்களிற் பெரும்பாலானவை இரண்டே அளவுகளில் அடங்கும். கிரவுண் அளவு நூலின் உயரம் ஏறக்குறைய ஏழேகால் அங்குலம். டெமி அளவு நூலின் உயரம் எட்டரை அங்குலம். ஏ4 அளவில் வரும் மலர்களும் அறிக்கைகளும் பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. புத்தகத்தை விரலால் சரித்து எடுக்க மேலே ஓர் அங்குலம் வெளி போதும். ஆகவே கிரவுணுக்கு எட்டேகால், டெமிக்கு ஒன்பதரை, பெரியவற்றுக்குப் பன்னிரண்டே முக்கால் அங்குலம். இவ்வளவுதான் கணக்கு.

இப்போது அந்தக் கடை அலுமாரியைப் பாருங்கள். ஆறடி என்றால் எழுபத்திரண்டு அங்குலம். முக்கால் அங்குலத் தடிப்பில் ஆறு பலகைகளைக் கழித்தால் ஐந்து தட்டுகளுக்கும் தலா பதின்மூன்றரை அங்குல இடைவெளி. அதில் எட்டரை அங்குலப் புத்தகத்தை வைத்தால் ஒவ்வொரு தட்டிலும் ஐந்து அங்குலம் வெறுங்காற்று. அதே ஆறடிக்குள் பெரியவற்றுக்கு ஒரு தட்டு, டெமிக்கு மூன்று, கிரவுணுக்கு மூன்று என்று பிரித்துப் பாருங்கள். எட்டுப் பலகைகளுக்கு ஆறு அங்குலம் போக மிஞ்சும் அறுபத்தாறு அங்குலத்தில் ஏழு தட்டுகளும் கச்சிதமாக அடங்கும். இரண்டு தட்டுகள் அதிகம். மூன்றடி அகலத்தில் அந்த இரண்டு தட்டுகளும் ஏறக்குறைய நூற்றிருபது புத்தகங்களைக் கொள்ளும். கட்டிலின் கீழ் கூழாகிப் போனவை எத்தனை என்று மேலே சொல்லியிருக்கிறேன். வெள்ளத்தின் மேல் பழியைப் போட இந்தக் கணக்கு என்னை விடுவதில்லை.

ஆழத்திலும் இதே அநியாயம். பெரும்பாலான தமிழ்ப் புத்தகங்களின் அகலம் ஆறு அங்குலத்தைத் தாண்டாது. ஒன்பது அங்குல ஆழம் தாராளம். கடைகளில் நிற்பவையோ பதினைந்து அங்குலம். புடைவை அலுமாரி செய்யும் அளவிலேயே புத்தக அலுமாரியையும் செய்கிறார்கள். நாமும் ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையை அடுக்குகிறோம். பின்வரிசைக்குப் போன புத்தகம் இருந்தும் இல்லாததே. வீட்டில் இருக்கும் புத்தகத்தை இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்காத வாசகர் உங்களில் எத்தனை பேர்?

எத்தனை தட்டு வேண்டும் என்பதையும் யாரும் கணக்கிடுவதில்லை. என்னிடமுள்ள புத்தகங்களின் சராசரித் தடிப்பு ஒன்றரை சென்ரிமீற்றர். ஆயிரம் புத்தகங்களுக்குப் பதினைந்து மீற்றர், அதாவது ஐம்பது அடி தட்டு வேண்டும். ஆனால் ஐம்பது அடி செய்தால் முதல் நாளே நிரம்பிவிடும். நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பதைச் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் தமது ஐந்து விதிகளில் கடைசி விதியாக வைத்தார். உலகெங்குமுள்ள நூலகர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம்மவர்களுக்கோ அது பொதுஅறிவுப் போட்டிக்கான வினா மாத்திரமே. ஒவ்வொரு தட்டிலும் காற்பங்கு வெறுமையாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அறுபத்தேழு அடி தேவை. இரண்டரை அடி அகலத்தில் ஏழு தட்டுகள் கொண்ட அலுமாரிகள் நான்கு எழுபது அடி தரும். அவை நிற்கப் பத்தடிச் சுவர் ஒன்று போதும். பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அதைச் சுற்றிய அலங்காரத்துக்கும் நாம் ஒதுக்குவது அதைவிடக் குறைவா?

ஏன் இரண்டரை அடி என்று கேட்கலாம். ஓர் அடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் ஏறக்குறைய ஏழு கிலோ நிறை கொண்டவை. நீண்ட பலகை நடுவில் தொய்யும். தாங்கு தூரத்தை மூன்றடியிலிருந்து இரண்டடியாகக் குறைத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பலகையின் தடிப்பை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நமது ஈரக்காற்றில் ஊதிப் பிளந்துவிடும். தேக்கோ பலாவோ வேம்போ எடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் நல்ல ஒட்டுப்பலகை எடுங்கள். அடித்தட்டைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்துங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ரொறன்ரோவில் நிலவறையில் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஈரத்துக்குத் தேசபேதம் கிடையாது.

"எல்லாம்தான் இணையத்தில் பி.டி.எப். ஆக வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அலுமாரி?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிச் செய்துவரும் பணியை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை மறக்கிறோம். அங்கே நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு பழைய நூலும் எவரோ ஒருவருடைய றாக்கையில் இத்தனை காலம் பத்திரமாக இருந்த காரணத்தாலேயே வருடிக்கு முன் வந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்திராவிட்டால், 1994 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்குவதற்கு என்ன இருந்திருக்கும்? கூழான புத்தகத்தை எந்த இயந்திரமும் வருடித் தராது. என் பெட்டிகளில் இருந்த சில கவிதைத் தொகுதிகளை இன்றுவரை எங்கும் என்னால் மீண்டும் பார்க்க முடியவில்லை.

"தச்சு வேலையைப் பற்றி எழுத உமக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிரித்தானியாவின் பிரதமராக நான்கு தடவை இருந்த கிளாட்ஸ்ரன், 1890 இல் புத்தகங்களையும் அவற்றுக்கான இடவசதியையும் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சாம்ராச்சியத்தை ஆண்டவருக்குத் தட்டுகளை அளக்க நேரம் இருந்தது. நமக்கு இல்லை.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது பக்கக் கவிதை நூலுக்குக் கம்பி அடித்து வெளியிடுகிறீர்கள். அதற்கு முதுகே இல்லை. முதுகு உள்ள நூல்கள் பலவற்றிலும் பெயர் இல்லை. இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவில் அகப்பட்டால் அது தொலைந்தது. முதுகில் பெயர் அச்சிட எவ்வளவு மை செலவாகும்? வாசகர்களே, அத்தகைய நூல்களைத் தட்டில் நேரே நிறுத்தாதீர்கள். சிறு அட்டைப் பெட்டிகளில் நிறுத்தி, பெட்டியின் மேல் உள்ளே இருப்பவற்றின் பெயர்களை எழுதி, அந்தப் பெட்டியைத் தட்டில் வையுங்கள். கட்டிலின் கீழ் அல்ல.

அந்த ஓடாவியார் இப்போது உயிரோடு இல்லை. அவர் செய்த மூன்று அலுமாரிகளும் என் வீட்டில் தொய்யாமல் நிற்கின்றன. நான்காவதை அவருடைய மகன் சென்ற மாதம் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் இரண்டு தட்டுகளை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். "ஏன் சும்மா கிடக்கிறது? பூச்சாடி ஒன்று வைக்கட்டோ?" என்று மனைவி கேட்டார். வேண்டாம் என்றேன். இனி வரும் புத்தகங்களுக்கான இடம் அது. உங்கள் வீட்டிலும் அளவுநாடா ஒன்று இருக்கும். இன்றிரவே அதை எடுத்து, சுவரை விட்டுவிட்டு, புத்தகங்களை அளவுங்கள்.