குடியிருப்பவரோடு வரும் வீடு

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவியை வழிபடச் செல்லும் அன்பர்கள், கட்டபொம்மன் நினைவுக் கோட்டையையும் கண்டு வருவர். வீடு வாங்க எண்ணும் இல்லறத்தார்க்கும் அங்கே ஒரு பாடம் உண்டு.

கடன்பட்ட ஆர்க்காட்டு நவாப், பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் உரிமையை 1792 உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். பாளையக்காரர்களோ அந்த ஏட்டில் ஒப்பமிட்டவர்கள் அல்லர். கட்டபொம்மன் பணிய மறுத்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் கோட்டையும் தரைமட்டமாயிற்று. உரிமை கைமாறலாம், அதனோடு மனங்கள் கைமாறுவதில்லை.

ஓய்வுக்காலச் சேமிப்பில் வாடகை வீடு வாங்குவோர் இதனை எண்ணுக. வீடு விற்கப்படுவதால் மட்டும் குடியிருப்பவரின் ஒப்பந்தம் முடிவதில்லை. பழைய பிணக்கும் பத்திரத்தோடு நம்மிடம் வரும். முன்பணம் தருமுன் அவரை நேரில் காணுங்கள். எழுத்து ஒப்பந்தம், அட்வான்ஸ் தொகை, வாடகை நிலுவை, நடக்கும் வழக்கு அனைத்தையும் கேட்டறியுங்கள். காலி செய்து தருவதாக விற்பவர் சொன்னால், காலியான பின்னரே கிரயத்தை முடியுங்கள். மின்சாரத்தையும் குடிநீரையும் நிறுத்தி விரட்டுவதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் தடுக்கிறது, அறமும் தடுக்கிறது.

நல்லவராயின் இருப்பவரே தொடரட்டும். போக வேண்டியவராயின் அவகாசமும் மரியாதையும் தந்து அனுப்புங்கள். எவர் மனமும் புண்படாத வீட்டிலேயே விளக்கு நின்று எரியும்.