வீட்டுச் செய்திகளை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சென்னை மாநகரத்து மகாஜனங்களே,

வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் ஒரே கிரயப் பத்திரத்தில் வைத்துவிட்டு, போதாததற்கு இருபது வருஷ வங்கிக் கடனையும் தலைமேல் ஏற்றிக்கொள்ளச் சித்தமாயிருக்கும் ஒரு குடும்பஸ்தர், எத்தனை பேரிடம் விசாரித்தாலும், பல சமயங்களில் அவர் மனத்தைத் திடப்படுத்துவது காலைப் பத்திரிகையில் கண்ட ஒரு செய்தியே ஆகையால், அதை எழுதியவர் யார், எழுதுவித்தவர் யார் என்று கேட்கும் பாத்தியதை நமக்கு உண்டென்று கருதுகிறோம்.

விளம்பரக் கட்டணத்துக்குப் பதிலாகக் கம்பெனிகளின் பங்குகளையே பெற்றுக்கொள்ளும் வழக்கம் சில பெரிய பத்திரிகை ஸ்தாபனங்களில் வேரூன்றியதைக் கண்டு, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, அத்தகைய கம்பெனியைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் தமக்குள்ள பங்கை அந்தச் செய்தியிலேயே தெரிவிக்க வேண்டுமென்று 2010-இல் சொல்லிற்று. ஊடக உடைமையைக் குறித்து 2014-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விரிவான சிபாரிசுகளைச் செய்தது. அவை சிபாரிசுகளாகவே நிற்கின்றன. உரிமையாளர் பெயரையும், மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்குடையோர் பெயர்களையும் ஆண்டுதோறும் பிப்ரவரி கழிந்த முதல் இதழில் அச்சிடும்படி 1956-ஆம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. பொடி எழுத்தில் வரும் அந்த அறிக்கையை நம்மில் எத்தனை பேர் வாசித்திருப்போம்! வாசித்தாலும், பத்திரிகை யாருடையது என்பது தெரியுமேயன்றி, அது புகழ்ந்துரைக்கும் மனையில் அதற்கு என்ன சம்பந்தம் என்பது தெரியவராது.

பழைய மகாபலிபுரம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எழும் அடுக்குமாடிகளுக்குப் பத்திரிகைகளில் வண்ணச் சிறப்பிணைப்புகள் கிடைக்கின்றன. 2015-ஆம் வருஷத்து வெள்ளமும், 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கிற்று என்ற வரலாறும் அந்த இணைப்புகளில் இடம்பெறுவது அபூர்வம். அதே சாலையை ஒட்டிய கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும், நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட ஏழைகளுக்கோ, வீடு இடிபடும் நாளன்று உட்பக்கத்தில் நாலு வரி. நிருபர்களை நாங்கள் குறைகூறவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று உண்மையை எழுதியவர்கள் அவர்களில் உண்டு. எழுதியது அச்சேறுமா என்பதை நிர்ணயிப்பவர் வேறொருவர் என்பதே எங்கள் கவலை.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய கட்டடத் திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண் தெளிவாக இருக்கவேண்டும்; பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் பரிகாரம் கோரலாம். செய்தி வேஷம் பூண்டு வரும் விளம்பரமோ இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறது.

ஆகவே, பத்திரிகைகளைப் பகிஷ்கரிக்க வேண்டாம், வாங்குங்கள், வாசியுங்கள். வீட்டுமனை பற்றிய செய்தியைக் கண்டால், அந்தக் கட்டடக் கம்பெனியில் பத்திரிகைக்கோ அதன் உரிமையாளருக்கோ பங்கு உண்டா, அது பணம் பெற்று வெளியிட்டதா என்பதை அச்செய்தியின் அடியிலேயே ஒரு வரியில் அச்சிடும்படி கேட்டு ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்துடன் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரையில் முன்பணம் கட்டாதீர்கள்.

இங்ஙனம்,
தென்சென்னைக் குடியிருப்போர் சிலர்